ரயில் பாதையைப் போட்டவர்கள்: ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்’ சொல்லும் உலகப் போர்

1942 மே மாதத் தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படைத் தளபதிகள் யமாட்டோ போர்க்கப்பலில் கூடி, மிட்வே தீவின் மீது தாங்கள் தொடுக்கவிருந்த தாக்குதலை மேசைமேல் ஆடிப் பார்த்தார்கள். அமெரிக்க விமானங்கள் குண்டு போடுவதாக வைத்துப் பகடை உருட்டப்பட்டது. ஒன்பது குண்டுகள் இலக்கில் விழுந்தன, அகாகி, ககா என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின என்று நடுவர் அறிவித்தார். ஆட்டத்துக்குத் தலைமை வகித்த உகாகி மடோமே குறுக்கிட்டு, ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகிக்கு லேசான சேதம், ககா மட்டும் மூழ்கியது என்று தீர்ப்பு மாறியது. அடுத்த கட்ட ஆட்டத்தில் அந்தக் ககாவும் உயிர்பெற்று வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து நடந்த உண்மையான சண்டையில் அந்த இரண்டோடு சோர்யு, ஹிர்யு என்ற இரண்டும் சேர்ந்து நான்கு விமானந்தாங்கிகள் கடலுக்குள் போயின.

போர் விளையாட்டின் உயிர் அதன் விதிகளில் இருக்கிறது. எதை எண்ணுவது, எதை விட்டுவிடுவது என்பதை விதி எழுதியவர் முன்னமே முடிவு செய்துவிடுகிறார்; ஆடுகிறவர் அந்த முடிவுக்கு உள்ளே நின்றுதான் யோசிக்கிறார். இன்று இரண்டாம் உலகப் போரைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட அதிக நேரம் கணினித் திரையில் ஆடிப் பழகும் ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. அவர்கள் ஆடும் பெருவியூக விளையாட்டுகளில் முதன்மையானது ஸ்வீடன் நாட்டு நிறுவனமான பாரடாக்ஸ் இன்டராக்டிவ் வெளியிட்ட ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்’. அந்தப் போரைப் பற்றி இது எதைச் சரியாகச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இரும்பு, எண்ணெய், ரயில் ஆகியவற்றைப் பற்றி இந்த விளையாட்டு பல புத்தகங்களைவிடத் தெளிவாகப் பேசுகிறது. அவற்றைச் சுமந்து செத்த மனிதர்களைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. இந்த இரண்டும் ஒரே விதிகளிலிருந்து பிறப்பவை.

இதன் வம்சாவளி நீளமானது. பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் குடும்பத்தின் தந்தையும் மகனும் 1812 முதல் 1824 வரை உருவாக்கிய போர்ப் பயிற்சி ஆட்டம்தான் மூதாதை. 1974இல் அமெரிக்காவின் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட ஜான் பிராடோஸின் பலகை விளையாட்டு, ஹிட்லரின் ஜெர்மனி எழுந்து விழுந்த கதையைப் படைகளோடு பொருளாதாரத்தையும் சேர்த்து ஆட வைத்தது. பாரடாக்ஸும் பலகையிலிருந்து வந்ததுதான்: 2000இல் அது வெளியிட்ட ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்’ ஒரு பிரெஞ்சுப் பலகை விளையாட்டின் கணினி வடிவம். அதன் வழியில் 2002இல் முதல் ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்’ வந்தது. 2005இல் இரண்டாவது, 2009இல் மூன்றாவது, 2016 ஜூன் 6 அன்று நான்காவது. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் கரையிறங்கிய நாள் ஜூன் 6. மூன்றாவதையும் நான்காவதையும் இயக்கும் மென்பொருள் எந்திரத்துக்குப் போர்த் தத்துவம் எழுதிய பிரஷ்யத் தளபதி கிளாஸ்விட்ஸின் பெயர். இனி நான் பேசப்போவது நான்காம் பதிப்பைப் பற்றி.

ஆட்டம் 1936 ஜனவரி 1இல் தொடங்குகிறது. வேண்டுமானால் 1939 ஆகஸ்டிலும் தொடங்கலாம். உலக வரைபடம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பகுதிகளாக வெட்டப்பட்டிருக்கிறது. உலகின் எந்த நாட்டையும் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம்: ஜெர்மனி, சோவியத், ஜப்பான் மட்டுமின்றி எத்தியோப்பியா, பூட்டான் கூட. நேரம் மணி மணியாக நகரும். நிறுத்தி வைத்து யோசிக்கலாம், வேகம் கூட்டலாம். துப்பாக்கி பிடித்துச் சுடும் காட்சி ஒன்றுகூட இல்லை. தொழிற்சாலை கட்டுவது, ஆய்வுக்கு ஆள் ஒதுக்குவது, படைப்பிரிவில் எத்தனை காலாட்படை அணி, எத்தனை பீரங்கி அணி என்று வகுப்பது, வரைபடத்தில் முனைக்கோடு வரைந்து தளபதியிடம் ஒப்படைப்பது என வேலையெல்லாம் அமைச்சரவை அறையில் நடப்பவை. புதிதாக வருகிறவருக்கு முதல் சில வாரம் தலை சுற்றும். அந்தச் சுற்றல் தாண்டினால் ஒரு பெரிய புரிதல் காத்திருக்கிறது.

வீரர்களைவிடத் தொழிற்சாலைகள் முக்கியம் என்பது அந்தப் புரிதல். விளையாட்டில் ஒவ்வொரு உற்பத்தி வரிசைக்கும் ஒரு திறன் அளவு உண்டு. ஒரே துப்பாக்கியை, ஒரே டாங்கியைத் தொடர்ந்து செய்தால் திறன் மெல்ல ஏறும். மாதிரியை மாற்றினால் திறன் சரிந்து, ஏறுவதற்கு மறுபடி மாதங்கள் பிடிக்கும். சிறந்த டாங்கி வேண்டுமா, நிறைய டாங்கி வேண்டுமா என்று ஆடுகிறவர் திணற வேண்டியிருக்கிறது. சோவியத் திட்டக்காரர்கள் எதிர்கொண்ட கேள்வியும் இதே. அவர்கள் டி-34 மாதிரியைப் பெரிதாக மாற்றாமல் பிடிவாதமாக உற்பத்தி செய்தார்கள். போர்க்காலத்தில் 50,000க்கு மேல் வெளிவந்தன. ஜெர்மனியின் புகழ்பெற்ற முதல் டைகர் டாங்கி மொத்தமாகச் சுமார் 1,350தான். திரைப்படங்கள் டைகரைக் காட்டிப் பிரமிக்க வைக்கும். இந்த விளையாட்டு 1943ஆம் ஆண்டை நெருங்கும்போது டைகரால் ஏன் ஜெயிக்க முடியாது என்பதைக் கையைக் கட்டிப்போட்டுக் கற்றுத்தருகிறது.

இன்னும் நுட்பமான இடங்களும் உண்டு. ஜெர்மனியை எடுத்து ஆடுகிறவருக்கு மெஃபோ பத்திரங்கள் என்ற சலுகை கிடைக்கும். ஹிட்லரின் நிதிப் பொறுப்பிலிருந்த ஷாக்ட், பெயரளவிலான ஒரு நிறுவனத்தின் பேரில் பத்திரம் வெளியிட்டு, ஆயுதச் செலவைக் கணக்குப் புத்தகத்திலிருந்து மறைத்தார். 1938க்குள் அந்தக் கடன் சுமார் 1,200 கோடி மார்க் ஆனது. விளையாட்டில் இந்தச் சலுகையை நீட்டித்துக்கொண்டே போகலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அரசியல் செல்வாக்கில் கட்டணம் ஏறும். ஒரு கட்டத்தில் அண்டை நாட்டைப் பிடித்துச் சுரண்டினால்தான் பொருளாதாரம் நிற்கும் என்ற நிலை வருகிறது. ஹிட்லரின் போர்வெறிக்கு அடியில் திவாலாகும் அவசரமும் இருந்தது என்பதை ஆடம் டூஸ் போன்ற பொருளாதார வரலாற்றாசிரியர்கள் பெரிய நூல்களில் நிறுவியிருக்கிறார்கள். விளையாட்டு அதை ஒரு மாலைப் பொழுதில் உணர வைத்துவிடுகிறது. இதை நான் சிறிய சாதனையாக நினைக்கவில்லை.

வழங்கல் விஷயத்தில் விளையாட்டு தானே கற்றுக்கொண்டு முன்னேறியது. வெளியான புதிதில் எரிபொருளுக்குத் தனிக் கணக்கே கிடையாது. டாங்கி செய்ய எண்ணெய் வேண்டும், செய்த பின் அது காற்றில் ஓடும். 2019 பிப்ரவரியில் வந்த ‘மேன் த கன்ஸ்’ விரிவாக்கத்தோடு எரிபொருள் இருப்பு சேர்ந்தது. அதன் பின் ஜப்பானை ஆடுகிறவருக்கு 1941இன் நெருக்கடி புரியத் தொடங்கியது. தெற்கு இந்தோசீனாவில் ஜப்பான் நுழைந்ததும் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. கப்பற்படை ஓட வேண்டுமென்றால் டச்சுக்காரர்கள் வசமிருந்த போர்னியோ, சுமத்ரா எண்ணெய்க் கிணறுகளைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் அமெரிக்காவோடு போர் வரும். 2021 நவம்பரில் வந்த ‘நோ ஸ்டெப் பேக்’ விரிவாக்கத்தையொட்டி ரயில் பாதையும் வழங்கல் மையங்களும் வந்தன. ரயில் எஞ்சின்களை உற்பத்தி செய்ய வேண்டும். மையத்திலிருந்து படை நிற்கும் இடம் வரை குதிரை வண்டியா, லாரியா என்று தீர்மானிக்க வேண்டும்.

இதற்குப் பிறகு சோவியத் மீது படையெடுத்துப் பார்த்தால் அனுபவமே வேறு. முதல் ஆறு வாரம் எல்லைப் படைகள் உடைந்து, ஸ்மோலென்ஸ்க் வரை அம்பு போலப் போகலாம். அங்கே வழங்கல் வரைபடம் சிவக்கத் தொடங்கும். டாங்கிப் பிரிவுகள் எரிபொருளின்றி நிற்கும், காலாட்படையின் கட்டுக்கோப்பு இறங்கிக்கொண்டே போகும், மழை வந்தால் சேறு. எதிரி பலமாகவில்லை, நம் பின்னால் இருக்கும் ஒற்றை ரயில் தடம்தான் நம்மைத் தோற்கடிக்கிறது. 1941 ஜூன் 22இல் புறப்பட்ட ஜெர்மானியப் படையோடு ஆறு லட்சத்துக்கு மேல் குதிரைகள் போயின. ரஷ்யத் தண்டவாளத்தின் அகலம் வேறு என்பதால் ஒவ்வொரு மைலையும் மாற்றிப் பதிக்க வேண்டியிருந்தது. ஜெர்மானியத் தளபதி பவுலஸ் 1940 இறுதியில் நடத்திய மேசைப் பயிற்சியிலேயே வழங்கல் தாங்காது என்ற எச்சரிக்கை தெரிந்தது. கேட்பாரில்லை. மின்னல் போர் என்ற மாயக்கதையை உடைப்பதற்கு இதைவிடப் பயனுள்ள கருவி வெகுமக்கள் கையில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஆடுகிறவருக்கு ஒரு நிஜத் தலைவருக்கும் கிடைக்காத வரம் இருக்கிறது: நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். ஸ்டாலினாக ஆடுகிறவர் 1941 ஜூனுக்காக ஐந்து வருடம் முன்பே அரண் கட்டத் தொடங்குவார். பிரான்சாக ஆடுகிறவர் ஆர்டென் காட்டு வழியில் முதலிலேயே படை நிறுத்துவார். உண்மையில் 1940 மே 10இல் தொடங்கிய தாக்குதலில் ஆறு வாரத்தில் பிரான்ஸ் விழுந்ததற்குக் காரணம் ஆயுதக் குறைவைவிடக் குழப்பமும் தாமதமும்தான். இதை ஈடுகட்ட வடிவமைப்பாளர்கள் பிரான்சுக்கு நிலையற்ற அரசு, பழைய வெற்றியின் மெத்தனம் என்று சில சுமைகளைத் தலையில் ஏற்றி வைக்கிறார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். என்றாலும் அறியாமையை எண்ணாக்க முடியாது. பாரிஸில் அன்று இருந்தவர்கள் எந்தத் தகவலை நம்புவது என்று தெரியாமல் தவித்ததை, எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கும் திரை காட்டாது.

வரலாறு முன்தீர்மானிக்கப்பட்டதா, மாற்றத்தக்கதா என்ற பழைய விவாதத்தையும் இந்த விளையாட்டு தன் பாணியில் நடத்துகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் கிளைவிட்ட ஒரு கொள்கை மரம் இருக்கிறது. ஒரு கிளையை எடுத்தால் பெரும்பாலும் 70 நாளில் நிறைவேறும். ரைன்லாந்து, ஆஸ்திரியா, சூடட்டன்லாந்து, டான்சிக் என்று வரலாற்றுப் பாதையில் போகலாம். ஹிட்லரை எதிர்த்துத் தளபதிகள் கிளர்ந்தெழும் பாதையும் உண்டு. கணினி ஆடும் நாடுகள் நடந்தபடியே நடக்கட்டும் என்று ஒரு பொத்தானில் கட்டளையிடலாம், அவிழ்த்தும் விடலாம். இந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு ரசிகர்கள் எழுதிய மோட்கள் என்ற மாற்று வடிவங்கள் தனி இலக்கியமாகவே வளர்ந்துவிட்டன. முதல் உலகப் போரில் ஜெர்மனி ஜெயித்திருந்தால் என்ற கற்பனையில் எழுந்த ‘கைசர்ரைக்’ இரண்டாம் பதிப்பின் காலத்திலேயே பிறந்தது. நாஜிகள் வென்ற உலகம் எவ்வளவு அழுகிப்போயிருக்கும் என்று 1960களில் வைத்துக் காட்டும் ‘த நியூ ஆர்டர்’ 2020இல் வந்தது. மூல விளையாட்டு தொடத் தயங்கும் கொடுமைகளை அந்த மோட் நேருக்கு நேர் எழுத்தில் பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கொள்கைகளைச் சுருக்கியதில் விளையாட்டு தடுமாறுகிறது. உலக அரசியல் முழுவதும் ஜனநாயகம், பாசிசம், கம்யூனிசம், அணிசாராமை என்று நான்கு நிறங்களில் அடங்க வேண்டும். காலனி நாடுகளின் விடுதலைப் போராட்டத்துக்கு இந்த நான்கிலும் இடமில்லை. ஆகவே பிரிட்டிஷ் இந்தியாவில் ஜனநாயக நிறம் வைஸ்ராய் லின்லித்கோவுக்குப் போகிறது. சுபாஷ் சந்திர போஸ் பாசிசத் தலைவராகிறார். எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத ஆட்சியாளர் ஜனநாயகத்தின் முகம். 1939 செப்டம்பர் 3 அன்று இந்தியர் எவரையும் கேட்காமல் நாட்டைப் போருக்குள் இழுத்தவர் அந்த லின்லித்கோதான். அதை எதிர்த்துச் சென்னையில் ராஜாஜி அமைச்சரவை உட்படக் காங்கிரஸ் அரசுகள் பதவி விலகின. போஸ் ஜெர்மனியோடும் ஜப்பானோடும் சேர்ந்ததை விமர்சிக்கப் போதிய காரணங்கள் உண்டு. அந்த விமர்சனத்தைச் செய்யவும் அவர் எந்த ஆட்சியை எதிர்த்தார் என்பது கண்ணில் பட வேண்டும். விளையாட்டின் நிறப்பட்டியல் அதை மறைத்துவிடுகிறது.

அரசுகள் இந்த விளையாட்டின் மேல் கை வைத்தது வேறு காரணங்களுக்காக. மஞ்சூரியா, திபெத், சிங்கியாங் ஆகியவற்றைத் தனி நாடுகளாகக் காட்டியதற்காக 2004இல் சீனா முதல் பதிப்பைத் தடை செய்தது. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைக் காட்டுவதைக் குற்றவியல் சட்டம் தடுப்பதால் அந்நாட்டுப் பதிப்பில் ஹிட்லரின் படம் மறைக்கப்பட்டது. ஸ்வஸ்திகா எந்த நாட்டுப் பதிப்பிலும் இல்லை. ஜெர்மனியின் கொடியில் அந்த இடத்தில் இரும்புச் சிலுவை இருக்கிறது.

இப்போது மையமான விஷயத்துக்கு வருகிறேன். யூதப் படுகொலை, வதை முகாம், திட்டமிட்ட களையெடுப்பு ஆகியவை இந்த விளையாட்டில் இடம்பெறாது என்று பாரடாக்ஸ் ஆரம்பம் முதலே கறாராக அறிவித்து வந்திருக்கிறது. அந்த முடிவின் பின்னுள்ள அச்சத்தை நான் மதிக்கிறேன். படுகொலையை ஒரு பொத்தானாக வைத்தால் அதை ஆசையோடு அழுத்தும் ஆட்கள் இருக்கிறார்கள். நாஜி மோகம் கொண்ட கூட்டம் ஒன்று இத்தகைய விளையாட்டுகளைச் சுற்றி எப்போதும் அலைகிறது. ஆனால் விலக்கிவைத்ததன் விளைவு என்ன? ஜெர்மானிய ராணுவம் என்பது நேர்த்தியான சீருடையும் திறமையான தளபதிகளும் கொண்ட, குற்றமற்ற தொழில்முறைப் படையாகத் திரையில் நிற்கிறது. போருக்குப் பிறகு மான்ஸ்டைன், குடேரியன் போன்ற தளபதிகள் தங்கள் நினைவுநூல்களில் கட்டிய பொய்யும் இதுவே. பாரடாக்ஸ் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. ஆனால் அதை மறுக்கும் ஒரு எண்கூட விளையாட்டில் கிடையாது.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. 2020இல் வந்த ‘லா ரெசிஸ்டான்ஸ்’ விரிவாக்கத்தோடு பிடிபட்ட நாடுகளுக்கான ஆக்கிரமிப்புச் சட்டங்கள் சேர்ந்தன. உள்ளூர்க் காவல், ராணுவ ஆளுநர், ரகசியப் போலீஸ் என்று நீளும் அந்தப் பட்டியலில் கட்டாய உழைப்பும் ஒன்று. கடும் ஒதுக்கீடு, கொடூர அடக்குமுறை என்பவையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நேரே எவ்வளவு மூலப்பொருள் கூடும், மக்களின் எதிர்ப்பு எவ்வளவு மாறும் என்ற சதவீதங்கள். கொடுமை வேண்டாம் என்று வாசலில் எழுதிவைத்த விளையாட்டு, கொடுமையின் லாபத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு செலவை மட்டும் விட்டுவிட்டது. 1944 ஆகஸ்டில் ஜெர்மனியில் 76 லட்சம் அயல்நாட்டினர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். போர்க்கைதிகளும், பெரும்பாலும் வலுக்கட்டாயமாகப் பிடித்துவரப்பட்ட போலந்து, உக்ரைன் மக்களும். திரையில் இது ஒரு சின்னமும் கூட்டல் குறியும். போர் இழப்புப் பட்டியலும் அப்படித்தான். அது படைவீரர்களை மட்டுமே எண்ணுகிறது. சோவியத் ஒன்றியம் இழந்த ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் உயிர்களில் ராணுவத்தினர் சுமார் 87 லட்சம். மற்றவர்களுக்கு இந்தக் கணக்கில் கட்டமே இல்லை.

ரயில் பாதை போடுவதைப் பாருங்கள். விளையாட்டில் இரண்டு ஊர்களுக்கிடையே கோடு இழுத்து, சில தொழிற்சாலைகளை ஒதுக்கினால் பாதை வளரும். ஒன்று முதல் ஐந்து வரை தரம் உயரும். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942–43இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதை இப்படி வளரவில்லை. சுமார் 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகளும், இரண்டு லட்சம் அளவில் ஆசியத் தொழிலாளர்களும் காட்டை வெட்டி, பாறையைக் குடைந்து அதைப் போட்டார்கள். கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. காலராவும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் அடியும் பட்டினியும் கொன்றன. அவர்களில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்காகப் பராமரிக்கப்படும் இடுகாட்டில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத் தொழிலாளிகளுக்கு அப்படிப் பெயர் பொறித்த கற்கள் இல்லை. 1957இல் வந்த க்வாய் நதிப் பாலத் திரைப்படம் கைதிகளின் கதையைத்தான் சொன்னது. மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் மட்டும் சயாம் மரண ரயில் தொடர்ந்து ஓடியது.

ஜப்பானாக ஆடிப் பர்மாவை அடைகிறவருக்கு அந்தப் பாதை கட்டாயம் தேவைப்படும். வழங்கல் பற்றிய விதிகள் அவ்வளவு சரியானவை. தேவையைத் துல்லியமாக உணர்த்தும் விளையாட்டு, அந்தத் தேவைக்கு மனிதர்களை எரித்த உண்மையை உணர்த்தாதபோது, கொடுங்கோலனின் கண்ணோட்டம்தான் நியாயமான கண்ணோட்டமாக ஆடுகிறவர் மனதில் படியும். வங்காளத்திலும் இதே கதை. 1943 பஞ்சத்தில் இறந்தவர்கள் 30 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். பர்மா அரிசி நின்றதும், படகுகளையும் நெல்லையும் எதிரிக்குக் கிடைக்காதபடி அரசே அகற்றியதும், போர்ச்செலவால் ஏறிய விலைவாசியும், உதவ மறுத்த லண்டனும் சேர்ந்து கொன்ற மக்கள் அவர்கள். உணவு என்ற பொருளே இந்த விளையாட்டின் மூலப்பொருள் பட்டியலில் கிடையாது. எஃகு, அலுமினியம், ரப்பர், டங்ஸ்டன், குரோமியம், எண்ணெய் இருக்கின்றன. உக்ரைனின் கோதுமைக்காக ஹிட்லர் ஆசைப்பட்ட, லெனின்கிராடு பட்டினியில் மடிந்த, கப்பலில் வரும் கோதுமையை நம்பிப் பிரிட்டன் பிழைத்த ஒரு போரில் சோற்றுக்குக் கணக்கில்லை. 2025 மார்ச்சில் வந்த ‘கிரேவ்யார்ட் ஆஃப் எம்பயர்ஸ்’ விரிவாக்கம் இந்தியாவின் கொள்கை மரத்தைப் புதுப்பித்தது. வெளியானவுடனே ஆட்டக்காரர்களின் கடும் விமர்சனத்துக்கும் ஆளானது. கிளைகள் கூடின, ஆனால் அடியிலிருக்கும் மூலப்பொருள் பட்டியலுக்குள் சோறு வரவில்லை.

விளையாட்டு என்பது விளையாட்டு, அதில் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’, முற்றுகையிடப்பட்ட ஊரில் மருந்தும் விறகும் தேடும் சாதாரண மக்களாக நம்மை ஆட வைத்தது; 2020இல் போலந்து அரசு அதைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. பிராகின் சார்லஸ் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் பங்கேற்று உருவாக்கிய ‘அட்டென்டாட் 1942’, நாஜி ஆக்கிரமிப்பில் வாழ்ந்தவர்களின் நினைவுகளை ஆட்டமாக்கியது. இவை சிறிய விளையாட்டுகள், ஒரு வீட்டின் அளவில் நின்று பேசுபவை. உலக வரைபடத்தின் அளவில் நின்று அதே உண்மையைப் பேசுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடினம் என்றாலும் கைக்கு எட்டாததில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் மக்கள்தொகை எண் விளையாட்டில் ஏற்கெனவே இருக்கிறது; அதிலிருந்து படைக்கு எத்தனை பேர் தேறுவார்கள் என்பதைத்தான் இப்போது கணக்கிடுகிறார்கள். கட்டாய உழைப்புச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த எண் மாதாமாதம் குறையட்டும். மலைக்காட்டில் ஐந்தாம் தரப் பாதையை அவசரமாக இழுத்தால் குறையட்டும். அரிசி விளையும் டெல்டாவிலிருந்து படகுகளை அகற்ற உத்தரவிட்டால் குறையட்டும். போர் முடிந்து நாடுகளைப் பங்கிடும் மாநாட்டுத் திரையில், வீரர் இழப்புக்கு அடுத்த பத்தியில், அந்தக் கூட்டுத்தொகை மாநிலம் மாநிலமாக நிற்கட்டும். படுகொலைக்கு எந்தப் பொத்தானும் இதற்குத் தேவையில்லை. ஆடுகிறவர் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கும் பொத்தான்களுக்கு உரிய கணக்கை எழுதினால் போதும்.